கைச்சுற்று பத்தே முக்கால்

ஷமீம் தன் அளவு நோட்டில் என் பக்கத்தைத் திறக்கிறாள்.
முனிரத்னா, காவேரிப்பட்டணம், மாம்பழக் கூழ் கம்பெனி.
கைச்சுற்று பன்னிரண்டரை என்றிருந்ததை அடித்துப்
பதினொன்றே கால்,
அதையும் அடித்துப் பத்தே முக்கால்.
"டயட்டா அக்கா?" என்று போன வருஷம் கேட்டாள்.
எடை மிஷினில் அதே ஐம்பத்தெட்டு,
முகம் மாத்திரையில் உப்பிக் கிடக்கிறது,
தெருவில் எல்லோரும் நான் தேறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.
ஜாக்கெட்டின் கைக்கு மட்டும் தெரியும்.

ஏழு வருஷம் முன்னால் விரல் கணுவில் ஆரம்பித்தது.
காலையில் ஒரு மணி நேரம்
டீ கிளாஸைச் சுற்றி மூடாத கை.
வாதம் என்றார்கள், எண்ணெய் கொடுத்தார்கள்,
வீங்கிய மூட்டையே எல்லோரும் பார்த்தார்கள்.
மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே
இருபது கிலோ கிரேட்டைத் தூக்கிய சதையை
யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.

போன மே மாதம்,
பெங்களூரா லோடு கேட் வரைக்கும் வரிசை கட்டி நின்றபோது,
டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தேன்.
கம்பியைப் பிடித்திருக்கிறேன், உடம்பு மேலே போகவில்லை.
வலி இல்லை. அதுதான் பயம்.
வலித்தால் வலி என்று சொல்லிவிடலாம்.
தொடை அங்கே இல்லை.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்,
ஊதவில்லை.

கிருஷ்ணகிரி ஜி.எச்.சில் திம்மராயன் சார் டேப் சுற்றினார்.
முட்டிச்சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர், பேனாவில் ஒரு புள்ளி.
வலது முப்பத்தெட்டு, இடது முப்பத்தாறு.
"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"
ரெண்டு முட்டை சார், களி, கொள்ளு, ஞாயிறானால் கோழி.
"சாப்பிட்டது சதைக்குப் போய்ச் சேரல" என்றார்.
அழற்சி என்று ஒரு சொல்.
அழல் என்றால் நெருப்பு, எட்டாவதில் படித்தது.
காய்ச்சலே இல்லையே சார்?

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த கணக்கில் மாற்றிக்கொண்டேன்.
கம்பெனியில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் ஆட்கள் வருவார்கள்.
பாரம் தூக்கிய இரவில் சதைநார் கிழியும்,
உள்ளேயும் ஒரு சங்கு ஊதும்,
நாரோரம் சுருண்டு தூங்குகிற அணுக்கள்
எழுந்து வந்து தைக்கும்,
முன்னைவிடத் தடிமனாகவே தைக்கும்.
பிறகு சங்கு நிற்கும்.
நிற்க வேண்டும்.
எனக்கு ஏழு வருஷமாய் நிற்கவில்லை.
ராப்பகலாய் ஊதுகிற சங்கை
எந்த ஆள் வேலைக்கு வா என்று எடுத்துக்கொள்வான்?

இது போக ஒரு கடன் வேறு.
ஈரல் கேட்கிறது, தொடை கொடுக்கிறது,
தன்னையே நார் நாராய் உருவி, உடைத்து, ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது.
ஈரல் அதை வாங்கி இன்னும் கொஞ்சம் சத்தம் செய்கிறது,
சி.ஆர்.பி. நாற்பத்தொன்று என்று
லேப் பையன் அச்சடித்து நீட்டுகிறான்.
செவ்வாய்க்கிழமைக் குழுவில் லோகநாயகி வாங்கிய கடனுக்கு
எட்டுத் தவணை நான் கட்டினேன்,
ஜாமீன் கையெழுத்தாவது போட்டிருந்தேன்.
தொடை எங்கே போட்டது?

வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மறுநாள் குமட்டல்.
நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழு,
முப்பத்தொரு நொடி.
கணுக்காலில் அரைக்கிலோ மணல், பிறகு முக்கால்.
தூக்கித் தூக்கித் தேய்ந்தவளைத் தூக்கச் சொல்கிறாரே என்று
கோபம் வந்தது.
"அந்த வேலை வேற, இது வேற" என்றார்.
எப்படி வேற என்று சொல்வதற்குள்
அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போன வாரம் இருபத்துமூன்று நொடி. சி.ஆர்.பி. ஒன்பது.
வளைந்த மோதிர விரல் வளைந்ததுதான்.

"தீபாவளி ஜாக்கெட்டுக்குப் பழைய அளவே போடட்டுமா?"
எந்தப் பழசு? டேப்பை எடு.
சுற்றினாள், விட்டாள், மறுபடி சுற்றினாள்.
"அதே பத்தே முக்கால்தான் அக்கா"
என்கிறாள், ஏதோ அவள் தப்பு மாதிரி.
போன தீபாவளிக்கும் பத்தே முக்கால்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே மடித்து
அரை இஞ்ச் துணி விட்டுத் தை, ஷமீம்.